வேற்று நாட்டு இசை நம் செவிக்கு எந்த வழியாக வருகிறது?

மன்னார்குடிப் பக்கம் நாதஸ்வரமும் கச்சேரியும் திரைப்பாட்டும் கேட்டு வளர்ந்த தங்களுக்கு, பிற நாட்டு இசையைக் கேட்டுப் பழக வேண்டும் என்ற ஆசை வந்திருப்பதாகவும், கைப்பேசிச் செயலியில் உலகத்து இசை முழுவதும் கிடைத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் மனத்தில் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயணமும் உறவும் நட்பும் வாய்த்தவர்களுக்குத்தான் அது கைகூடுமா என்பது தங்கள் கேள்வி. நான் கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளாக வயலின் சொல்லிக்கொடுத்துவருகிறேன். வெளிநாட்டுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். என்னிடம் நிலைத்த வேற்று இசை ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஆள் வழியாக வந்தது என்பதை யோசித்துப் பார்க்கும்போது உணர்கிறேன். ஆனால் அந்த ஆளைத் தேடித் தாங்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. காவிரிப் படுகையில் அவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

என் பாட்டி விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டே அபங்கம் பாடுவார். அவருக்கு மராத்தியில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. தாம் பாடுவது மராத்தி என்பதே அவருக்கு நெடுநாள் தெரியாமல் இருந்தது. பஜனைப் பாட்டு என்றே சொல்வார். 1675 முதல் 1855 வரை தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டார்கள். அவர்களோடு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வீட்டுக்குள் தங்களுக்கே உரிய ஒருவகை மராத்தியைப் பேசுகிறார்கள். துக்காராமும் நாமதேவரும் பாடிய அபங்கங்கள் மராட்டியர் காலத்தில் பஜனை மடங்களுக்குள் வந்து, தமிழ்நாட்டுச் சம்பிரதாய பஜனையில் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. கதாகாலட்சேபத்தின் கதையும் இதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், தஞ்சைக்கு வந்து தங்கிய மராத்திக் கீர்த்தனக்காரர்களைக் கேட்டு, அவர்கள் கதையை நடத்திச் செல்லும் முறையையும் சாகி, திண்டி, ஓவி முதலிய பாட்டு வடிவங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றோடு கர்நாடக இசையை இணைத்தார். இன்று கும்பகோணத்தில் ஒரு காலட்சேபத்தைக் கேட்பவர் யாரும் வேற்று நாட்டு இசையைக் கேட்பதாக எண்ணுவதில்லை. என் பாட்டியும் எண்ணவில்லை. அவர் அதைத் தம் மாமியாரிடம் கற்றார்.

இதைவிட வியப்பான செய்தி திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதருடையது. இளமையில் அவர் சிதம்பரநாத யோகியோடு காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கியிருந்தார். வடநாட்டு இசையை அங்கே நேரில் கேட்டதன் தடம் அவருடைய கீர்த்தனைகளில் தெளிவாக இருக்கிறது. வடக்கே ஜெய்ஜெய்வந்தி எனப்படும் ராகம் அவரிடம் த்விஜாவந்தியாகி, ‘சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்’ என்னும் கீர்த்தனையாயிற்று. அதை ஒருமுறை நிதானமாகக் கேட்டால், துருபதம் என்னும் வடநாட்டுப் பழைய பாட்டுமுறையின் அவசரமில்லாத நடை நம் ஊர்த் தம்புராவுக்கு முன்னால் வந்து அமர்ந்திருப்பது தெரியும். இது பயணம் தந்தது. அவருடைய குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில் நிகழ்ந்ததோ பழக்கம் தந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக்கு அருகில் இருந்த ஊராதலால், ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசிக்கும் மெட்டுகள் அங்கே காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கொண்ட அவற்றையே நோட்டுஸ்வரம் என்கிறோம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது ஆங்கிலேயர் தம் அரசரை வாழ்த்திப் பாடிய மெட்டு. ‘ச்யாமளே மீனாக்ஷி’ என்பதைப் பாடிப் பாருங்கள். இன்று மழலையர் பள்ளியில் நட்சத்திரம் மின்னுவதாகக் குழந்தைகள் பாடும் மெட்டு அது என்பது இரண்டாம் அடியிலேயே தெரிந்துவிடும்.

நோட்டுஸ்வரங்களை விளையாட்டு என்று ஒதுக்குகிற வித்துவான்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவை அனைத்தும் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. ஆனால் அந்தச் சுரங்களில் அசைவே இல்லை. கமகம் நீக்கிய சங்கராபரணம் எப்படி நிற்கும், எங்கே அழகாக நிற்கும் என்பதை ஒரு பெரிய வாக்கேயக்காரர் நாற்பது முறை சோதித்துப் பார்த்திருக்கிறார். தங்களுக்கு மேலைநாட்டு இசை ஒட்டவில்லை என்றால், அதற்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. சொல் நம்முடையது, தெய்வம் நம்முடையது, மெட்டு மட்டும் அவர்களுடையது.

அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்தச் சூழலில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். நாங்கள் இன்று பிழைப்பது அதனால்தான். மேலைநாட்டார் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுரத் தொலைவில் சேர்ப்பார்கள். நாம் ச-ப-ச-ப என்று சேர்த்தோம். அவர்கள் நின்றுகொண்டு தோளில் தாங்குவார்கள். நாம் தரையில் அமர்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் நிறுத்தி, இடக்கையை வழுக்கவிட்டுக் கமகம் பிடிக்க வழி செய்துகொண்டோம். தஞ்சையில் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழுவே இருந்தது. கிளாரினெட் சதிர் ஆட்ட மேடைக்குள் வந்ததும் அந்த 19ஆம் நூற்றாண்டில்தான்.

இனிக் கடல்வழி. என் சித்தப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். ஆழம் போதாத கரையாதலால் கப்பல் கடலில் தள்ளி நிற்கும்; படகில் போய் ஏறுவார்கள். பினாங்கில் இறங்கி, பின்னர் மலாக்காவில் ஒரு துணிக்கடையில் பல ஆண்டுகள் கணக்கெழுதினார். அவர் திரும்பி வந்தபோது தைலமும் துணியும் கொண்டுவந்ததை உறவினர் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது, மாலையில் திண்ணையில் அவர் பாடிக்காட்டிய மலாய்ப் பாட்டு. டொண்டாங் சாயாங் என்பது அதன் பெயர். வயலின், ரெபானா என்னும் பறை, காங்கு எனப்படும் சேகண்டி போன்ற கருவி ஆகியவற்றோடு, இருவர் எதிரெதிரே நின்று நாலடிப் பாட்டாக மாற்றி மாற்றிப் பாடுவது. பந்துன் எனப்படும் அந்த நாலடியில் முதல் இரண்டு அடிகள் ஆற்றையோ பறவையையோ பழத்தையோ காட்டும். சொல்ல வந்த செய்தி பின்னிரண்டு அடிகளில்தான் வரும். அதைக் கேட்டவுடன், “நம்ம எசப்பாட்டுதானே சித்தப்பா!” என்றேன். அவர் சிரித்துவிட்டு, நம் ஊரில் எதிராளியை மடக்குவதற்குப் பாடுவார்கள், அங்கே கொஞ்சுவதற்குப் பாடுவார்கள் என்றார். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு முதல் இரண்டடிகளைக் கண்டால், இயற்கைக் காட்சிக்குள் பொருளை மறைத்துவைக்கும் உள்ளுறை நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். மலாக்காவில் அதை மலாய்க்காரர்கள் மட்டும் பாடவில்லை. சீன வழிவந்த பாபா நியோன்யா மக்களும், போர்த்துக்கீசிய வழிவந்தவர்களும், பழங்காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளும் அதைத் தங்கள் பாட்டாகவே பாடிவருகிறார்கள். யுனெஸ்கோ 2018இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சித்தப்பா உயிரோடு இல்லை.

அதே கடல்வழியில் நாகூரும் போயிருக்கிறது. சிங்கப்பூரில் 1830ஐ ஒட்டித் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரால் கட்டிய நினைவிடம் இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. நாகூர் தர்காவில் கந்தூரிக் காலத்தில் பக்கீர்கள் தப்ஸ் கொட்டிப் பாடுவதைத் தாங்கள் கேட்டதில்லையென்றால், மன்னார்குடியிலிருந்து பேருந்தில் சென்றுவரக்கூடிய தொலைவுதான். சட்டமிட்ட அந்த ஒருமுகப் பறையின் உறவுகள் அரேபியா முதல் ஜாவா வரை பரவியிருக்கின்றன. அதன் காத்திரமான அடியையும், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திரும்பச் சொல்லும் முறையையும் பழகிய காதுக்கு, மொராக்கோவின் சூஃபிப் பாடலோ மலாய் நாட்டு ரெபானாவோ முற்றிலும் அந்நியமாக இருப்பதில்லை.

இலங்கை வானொலியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எங்கள் தலைமுறையில் அறியாதவர் இல்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்தில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாக அது கேட்கும். அதன் வழியாகப் பைலா வந்தது. போர்த்துக்கீசியரும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கையில் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டு அது. நம் கணக்கில் திஸ்ர நடை என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் திஸ்ரத்தில் இல்லாத ஒரு துள்ளல் அதில் உண்டு. ‘சுராங்கனி’யைப் பேண்டு வாத்தியத்தில் வாசிக்காத கல்யாண ஊர்வலம் ஒரு காலத்தில் எங்கள் ஊரில் இல்லை. வானொலி காதுவரை கொண்டுவந்ததைக் காலுக்குக் கொண்டுசேர்த்தவர் பேண்டு வாத்தியக்காரர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது பல குரல் இசை. தங்களுக்கும் மேலைநாட்டுச் சிம்பொனியில் வரும் இடர் இதுவாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அவர் வழிவந்த திருச்சபைகளில் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளின் மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு இன்றும் பாடப்படுகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, சரபோஜியைப் போலவே சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் பாடப்படுகின்றன. ஒரே ஆராதனையில், ஒரே வாயால், இருவகை இசை. பொறையாற்றில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். கோவில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என்னை அழைத்துச் சென்றார். நான்கு குரல்கள் பாடின. எனக்கு மேலே இருந்த மெட்டு மட்டுமே கேட்டது, மற்றவை ஏதோ இரைச்சல். வெளியே வந்து, மெட்டு நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. நான் பாடியது உனக்குக் கேட்கவே இல்லையா என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு வழி சொன்னார். மெட்டை விட்டுவிடு, அது உன்னை விட்டு ஓடாது. என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை வா. அப்படியே செய்தேன். நம் இசையில் கீழே சுருதி அசையாமல் நிற்கும். மேலே ராகம் ஆடும். அங்கேயோ கீழே உள்ள குரலே ஒவ்வோர் அடியிலும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அது இடம் மாறும்போது, மேலே அசையாமல் நிற்கும் அதே சுரம் வேறு நிறம் கொள்கிறது. இது விளங்கிய அன்றுதான் எனக்குக் கோரஸ் பாட்டு திறந்தது. நம் ராக இசையில் நிறம் சுரத்தின் அசைவிலிருந்து வருகிறது. அவர்களுடைய இசையில் பெரும்பாலும் சுரங்களின் சேர்க்கையிலிருந்து வருகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நண்பரின் கோபம் தேவைப்பட்டது. செயலி கோபித்துக்கொள்வதில்லை.

நம் பக்கத்துக் காதுகளுக்குள்ள ஒரு பெரிய நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கும் அது உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் ராகப் பெயரைத் தேடுவோம். பல ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் சில மாதங்கள் வயலின் கற்றார். ஒருநாள் தம் நாட்டுக் கோட்டோ வாத்தியத்தின் ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் காட்டினார். ச-ரி-ம-ப-த என்ற ஐந்து சுரங்கள். ரிஷபமும் தைவதமும் சுத்தம். நான் துள்ளிக் குதித்து, “கர்நாடக சுத்த சாவேரி!” என்று சொல்லி, அதில் ஒரு ஆலாபனையே பாடிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் பாடியது அழகு, ஆனால் எங்கள் பாட்டு அதில் இல்லை என்றார். அந்த இசைக்கு நம்முடையதைப் போல ஒரே ஆதார சட்ஜம் கிடையாது. ச முதல் ம வரை ஒரு கூடம், ப முதல் மேல் ச வரை இன்னொரு கூடம். கூடத்தின் இரண்டு முனைச் சுரங்களும் தூண்போல நிற்க, நடுவிலுள்ள சுரம் சாய்ந்து இறங்குகிறது. பாட்டு எந்தத் தூணிலும் முடியலாம். நான் தம்புராவை மீட்டிக்கொண்டு பாடியதால், அந்த வீட்டின் ஒரு தூணைத் தவிர மற்றவற்றை இடித்துவிட்டேன். அன்று முதல் எந்த இசையையும் முதல் மூன்று முறை கேட்கும்வரை ராகப் பெயரை வாயில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சில நேரம் தவறிவிடுகிறேன்.

அரபு இசையில் இந்த நோய் இன்னும் அதிகமாகக் கெடுக்கும். நமக்கு ராகம்போல அவர்களுக்கு மகாம். ஹிஜாஸ் என்னும் மகாமை நாம் வகுளாபரணம் என்போம். ஹிஜாஸ் கார் என்பதை மாயாமாளவகௌளை என்போம். அதுவரை பரவாயில்லை. ராஸ்த் என்னும் மகாமில் நம் பெயர்கள் தீர்ந்துவிடும். அதன் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஹார்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. முதலில் சுருதி பிசகியதாகத் தோன்றும். சில நாள் கேட்ட பிறகு, பிசகியது நம் எதிர்பார்ப்பு என்பது தெரியும்.

நான் போன ஒரே வெளிநாடு பஹ்ரைன். அங்கே வேலை பார்த்த அக்காள் மகன் அழைத்தான். அவனுடைய அலுவலக நண்பர் ஒருவர் எங்களை முஹர்ரக்கில் ஒரு கூடத்துக்குக் கூட்டிச் சென்றார். முத்துக்குளித்தவர்களின் பாட்டு அங்கே இன்றும் பாடப்படுகிறது. அதை ஃபிஜ்ரி என்கிறார்கள். தலைமைப் பாடகரான நஹ்ஹாம் உச்சத்தில் கதற, சுற்றி அமர்ந்தவர்கள் மிகத் தாழ்ந்த குரலில் ஒரே ஒலியாக முனகுகிறார்கள். கைத்தட்டல், மிர்வாஸ் என்னும் சிறிய இருமுகக் கொட்டு, அவற்றோடு ஒரு மண்பானை. பானையைக் கண்டதும் மருமகன் என்னைப் பார்த்தான். “கடம் என்று சொல்லப்போகிறீர்களா மாமா?” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, அந்த முனகல் நம் சுருதியைப் போலப் பாட்டைத் தாங்குவதற்காக மட்டும் இல்லை என்று தோன்றியது. கடலுக்கடியில் போனவனுக்காக மேலே படகில் காத்திருப்பவர்களின் மூச்சுப்போல இருந்தது. அது என் கற்பனையாக இருக்கலாம். ஊருக்குத் திரும்பி அதே பாட்டைப் பதிவில் கேட்டேன். இப்போது ஒட்டுகிறது, ஏனென்றால் யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பது தெரியும். பதிவுகளை நான் பழிப்பதில்லை. ஓர் ஆளிடம் நேரில் கேட்ட பிறகுதான் எனக்கு அவை பேசத் தொடங்குகின்றன.

பிறர் நம் இசையைத் தேடி வந்த கதைகளும் தங்கள் கேள்விக்கு விடைதான். ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்தவர். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்பதற்காக நாச்சியார்கோவில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, பின்பு திருவரங்கத்திலேயே குடியேறினார். வாத்தியம் ஒன்றே, ராகங்களும் அவையே. ஆனாலும் பாணிக்காக ஊர் மாறினார். அமெரிக்காவில் பிறந்த ஜான் ஹிக்கின்ஸ் நம் இசையைக் கற்று, திருவையாற்று ஆராதனையில் பாடினார். அவர்கள் எவரும் கேட்டதோடு நிற்கவில்லை; ஒரு குருவின் பக்கத்தில் போய் அமர்ந்தார்கள்.

ஆகவே தாங்கள் செய்யக்கூடியது இது. ஐம்பது நாட்டு இசையைத் துளித்துளியாகச் சுவைப்பதை நிறுத்திவிட்டு, தங்களுக்கு ஆள் இருக்கிற ஒரே ஓர் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இல்லாத வீடு நம் பக்கத்தில் அரிது. அவரிடம், அவருடைய வெளிநாட்டு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாடுவார்கள் என்று கேளுங்கள். பிடித்த பாட்டு எது என்று கேட்டால் இந்த ஆண்டின் பிரபலமான பாட்டை அனுப்புவார்கள். கல்யாணத்தில் என்ன பாடுவார்கள், பிள்ளையை எப்படித் தூங்கவைப்பார்கள் என்று கேட்டால்தான் மரபு வெளியே வரும். தஞ்சையில் தென்னகப் பண்பாட்டு மையம் நடத்தும் விழாக்களுக்குப் பிற மாநிலக் கலைஞர்கள் வருகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்துவிடாமல், அவர்கள் வாத்தியத்தை உறையில் போடும் நேரத்தில் அருகில் போய் நில்லுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் கொங்கணியிலும் மராத்தியிலும் திருப்பலி நடக்கும். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை.

அண்மைக் காலமாக நம் பக்கத்தில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சென்ற குறுவையில் எங்கள் வயலில் நட்ட குழுவில், வயதான ஒருவர் மாலையில் வாய்க்கால் மதகில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். நீண்டு இழுக்கும் குரல், தாளமே இல்லை. எனக்கு வங்காளம் தெரியாது. அவருக்குத் தமிழில் நாற்றும் கூலியும் சோறும்தான் தெரியும். “பாட்டியாலியா?” என்று கேட்டேன், படித்திருந்தேனே தவிர, ஒருவர் பாடிக் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். துடுப்புப் போட வேண்டாதபடி ஆற்றின் போக்கிலேயே படகு போகும்போது படகோட்டி பாடுவது அது. கைக்கு வேலை இல்லாததால்தான் அதற்குத் தாளம் இல்லை என்பார்கள். அவர் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் காட்டி, அது போகும் திசையில் கையை மெல்ல நீட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எடுத்தார். அவர்கள் அடுத்த நடவுக்கும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். தாங்கள் வருவதானால் முன்கூட்டியே எழுதுங்கள்.